கால் வீசும் தவளைகள்

நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியில், விலங்கியலுக்கு ஆள் சேரவில்லை என்று ஒரு கோடை விடுமுறையில் துறையையே மூடிவிட்டார்கள். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு மாலையும் தேநீரும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடங்களில் கேட்டுப் பார்க்கலாம் என்று தினமும் நினைப்பேன். நினைத்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். எழுந்து கிளம்ப உடம்பு வரவில்லை. அப்படியே ஒரு வருடம் ஓடிற்று.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். சென்னைக்காரி. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். சிவகிரிக்கு மேற்கே, மலையின் மேற்பகுதியில் ஓடைகளில் வாழும் ஒரு சின்னத் தவளையைப் பற்றி அவள் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஓடையோரம் கேமரா வைத்து எடுத்த வீடியோக்கள் மலைமலையாய்ச் சேர்ந்துவிட்டன, உட்கார்ந்து பார்த்துக் குறித்துக் கொடுக்க விலங்கியல் படித்த ஒருவர் வேண்டும் என்றாள்.

"வீட்டுலயே உக்காந்து செய்யலாம்கா. பொறுமை மட்டும்தான் வேணும்" என்றாள்.

எனக்குப் பொறுமை இருந்ததா, அல்லது வேறு எதற்கும் தெம்பு இல்லாததுதான் பொறுமை மாதிரித் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. சரி என்றேன்.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. கீழே என் கணவரின் தறிக்கூடம், மேலே நாங்கள். காலையில் தறி ஓடத் தொடங்கினால் மாடித் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். மேசையில் தம்ளரில் தண்ணீர் வைத்தால் அதில் வட்டவட்டமாக அலை எழும். ராயகிரியிலிருந்து கல்யாணம் ஆகி வந்த புதிதில் எனக்குத் தினமும் தலைவலி. பிறகு தலைவலி நின்றது. காது பழகிவிட்டது என்று சொன்னார்கள்.

மாடி அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் அந்த ஓடையைப் பார்க்கத் தொடங்கினேன். வெள்ளை நுரையாக விழும் தண்ணீர், பாசி பிடித்த கல், அதன் மேல் பெருவிரல் கணு அளவில் ஒரு பழுப்புத் தவளை. அது ஆண். நெடுநேரம் சும்மா இருக்கும். பிறகு தொண்டை வெள்ளையாக உப்பும், சிட்டுக்குருவிக் குரலைவிட மெல்லிசாக ஒரு கீச்சு. அதன்பின் ஒரு பின்னங்காலைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை விசிறி போல விரித்துக் காட்டி, மடக்கிக்கொள்ளும். தண்ணீர் இரைச்சலில் குரல் அமுங்கிவிடும் என்பதால் அந்தக் கால்வீச்சு. இந்தக் கல் என்னுடையது, பக்கத்தில் வராதே என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிறது. நடனத் தவளை என்று ஆங்கிலத்தில் செல்லமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நடனமாகத் தெரியவில்லை. கடைக்குள் வரும் ஆட்டை விரட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை ஆட்டுவாரே, அந்த மாதிரி இருந்தது.

கால் எப்போதெல்லாம் அசைகிறது, வலதா இடதா, அதற்கு முன் குரல் கொடுத்ததா, அருகில் வேறு ஆண் இருந்ததா என்பதை நான் கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். பெண் தவளை வந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். பெண் வருவது அபூர்வம். நாட்கணக்கில் ஒரே கல்லைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கண்ணை மூடினால் இமைக்குள்ளும் தண்ணீர் விழும். சமையல்கட்டில் குழாய் ஒழுகினால் கை தன்னால் மவுஸைத் தேடும்.

அந்தப் பெண் மாதத்துக்கு ஒருமுறை வந்து புதிய வீடியோக்களைக் கொடுத்துவிட்டுப் போவாள். அப்படி வந்த ஒரு நாள் நேராகத் தறிக்கூடத்துக்குள் போய் நின்றுவிட்டாள். என் கணவர் அந்தக் கோடியில் நின்ற தறிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு என்றால் வாயால் அல்ல. இரண்டு கைகளாலும் நூலைப் பிய்ப்பதுபோல் காட்டினால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ வந்துவிட்டது. நெற்றியில் விரலால் பொட்டுப்போல் தொட்டால் அக்கா கூப்பிடுகிறாள், அதாவது நான். தெருவில் எல்லாக் கூடத்திலும் இதுதான் பேச்சு.

அவள் மேலே வந்து சிரித்தாள். "அக்கா, இதேதான்கா. உங்க தவளை பண்றதும் இதேதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை அவரோடு சண்டை. ஆனால் அவள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். போர்னியோத் தீவின் ஓடைகளிலும் கால் வீசும் தவளைகள் இருக்கின்றன, பிரேசில் காடுகளிலும் இருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் சொல்வோம். ஆனால் சொந்தமே கிடையாது. நம் மலைத் தவளையின் குடும்பம் உலகில் வேறெங்கும் இல்லாதது, கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னாலேயே தனியே கிளை பிரிந்தது. ஒவ்வொன்றும் தன் தன் ஓடையின் இரைச்சலுக்குள் உட்கார்ந்து தானாகவே காலை நீட்டக் கற்றுக்கொண்டது.

வௌவால் இறக்கையையும் பறவை இறக்கையையும் கரும்பலகையில் வரைந்து இதே பாடத்தை நான் வருடாவருடம் நடத்தியிருக்கிறேன். சாயல் வேறு, சொந்தம் வேறு என்று மாணவர்களை எழுதிக்கொள்ளச் சொல்வேன். அவள் சொன்னபோது புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது. களைப்பில் எல்லாமே புதிதாகத்தான் கேட்கும்.

சண்டை என்று சொன்னேன் அல்லவா, அது ஒரே சண்டைதான், பல வருடங்களாக. நான் பேசினால் அவர் பதில் சொல்ல மாட்டார். அடுப்படியிலிருந்து ஏதாவது கேட்டால் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் போய்க் கத்தினால், "ஏன்ட்டி கத்துத, மெதுவாச் சொல்லக் கூடாதா" என்பார். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் போன் செய்தால் "ம், சரி, சரிம்மா" என்று சொல்லிவிட்டு உடனே என் கையில் போனைத் திணித்துவிடுவார். தன்னை அவ்வளவு தூரத்தில் சேர்த்ததில் அப்பாவுக்கு இஷ்டமில்லை, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று மகள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாதாமாதம் பராமரிப்புக்காக ஒரு நாள் பகலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அப்படி ஒரு நாள். தறிகள் நின்று, தெருவே செத்ததுபோல் கிடந்தது. லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் நான் வேலையை விடவில்லை. ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது மடல் புண்ணாகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு வெளியே சத்தம் வரும்படி வைத்துக்கொண்டேன். அறை முழுக்க ஓடை இரைந்தது.

அவர் சாப்பிட மேலே வந்தார். தட்டோடு என் பின்னால் வந்து நின்று பார்த்தார். அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இது என்ன, வெறும் தண்ணியாப் போய்க்கிட்டே இருக்கு?"

"தண்ணியப் பாக்காதீங்க. அந்தக் கல்லு மேல பாருங்க. இப்பக் கத்தும்."

தவளையின் தொண்டை உப்பியது. கத்தியது. மறுபடியும் கத்தியது.

"கேட்டீங்களா?"

"என்னத்த?"

"அதான், கத்துதுல்லா."

"தண்ணிதான் இரையுது. வேற என்ன கேக்கணும்?"

"வெளையாடாதீங்க."

"நான் என்னத்துக்கு வெளையாடுதேன்?"

தண்ணீர் இரைச்சல் இல்லாமல், மிக அருகில் வைத்துப் பதிவு செய்த தவளைக் குரல் ஒன்றை அந்தப் பெண் தனியாக அனுப்பியிருந்தாள், அடையாளம் பழகுவதற்காக. அதை எடுத்து, சத்தத்தை முழுவதும் ஏற்றி ஓடவிட்டேன். ஊசி குத்துவதுபோல் கீச் கீச்சென்று அறையெல்லாம் கேட்டது. அவர் சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடி, திரையையே மரியாதையாகப் பார்த்துக் காத்திருந்தார்.

கொஞ்சம் கழித்துக் கேட்டார். "போட்டுட்டியா?"

நம் ஊர்க் குளங்களில் மழைக்குக் கத்தும் பெரிய தவளையின் குரலைத் தேடிப் போட்டேன்.

"ஆங், இது கேக்குது. இது தவள" என்றார்.

மறுபடியும் மலைத் தவளை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடியும் குளத்துத் தவளை. தலையாட்டினார். பிறகு அவருக்கே புரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வயசானா வாரதுதானே."

"ஒங்களுக்கு என்ன வயசாயிட்டு?"

"காதுக்கு ஆயிருக்கும்" என்றார்.

உடனே டாக்டரிடம் போகவில்லை. பாவு நூல் வந்து இறங்கியிருக்கிறது, தறியில் ஏற்றி ஓட்டி முடிக்க வேண்டும் என்றார். அது முடிந்ததும் ஆடித்தபசு வந்தது. திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஏற முடியாது என்றார். பிறகு ஒரு தறி பழுதானது. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு மனிதனை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவதற்கு வேண்டிய பலம் அப்போது என்னிடம் இல்லை. கடைசியில் அவரே ஒரு காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "வா, போயிட்டு வந்துருவோம்" என்றார்.

திருநெல்வேலியில் காது பரிசோதிக்கும் அறை, கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி மாதிரி இருந்தது. அவரை உள்ளே உட்கார வைத்து, காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பரிசோதனை செய்யும் பெண்ணின் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சந்நிதியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு பொத்தானாக அழுத்த, அவர் விரல் உயர்ந்தது, இறங்கியது. உயர்ந்தது, இறங்கியது. அப்புறம் உயரவில்லை. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். சத்தத்தைக் கூட்டினாள். விரல் தொடையின் மேல் அசையாமல் கிடந்தது. நான் பழக்கதோஷத்தில் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது அசையும் என்று.

கதவைத் திறந்ததும் அவர் கேட்டது, "ஆரம்பிக்கலியா இன்னும்?"

தறிச் சத்தத்தில் வருடக்கணக்காக இருந்ததால் வந்தது, கீச்சென்ற உச்சஸ்தாயிச் சத்தங்களைக் கேட்கும் நரம்புகள்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். பெண்பிள்ளைகள் குரல், போன் பேச்சு எல்லாம் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது என்றார். அவர் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். நான் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப என் மேல கோவம் இல்லையாம்மா?" என்றாள். அதற்குமேல் அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அன்றிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிறாள். வாயைப் பெரிதாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். அவரும் அவள் பேசி முடிக்கும்வரை போனைக் கையில் வைத்திருக்கிறார்.

ஐப்பசி மழை ஓய்ந்த சமயம் ஆராய்ச்சிப் பெண்ணுக்கு மலையில் உதவிக்கு ஆள் போதவில்லை. வனத்துறை அனுமதி இருந்தது. எங்கள் கூடத்திலும் அந்த வாரம் நூல் வராமல் தறிகள் நின்றிருந்தன. "நீங்க ரெண்டு பேரும் வாங்களேன்கா. இத்தனை நாள் பாத்த தவளைய நேர்ல பாக்க வேண்டாமா?" என்றாள்.

சிவகிரி வரை முதல் பஸ். அங்கிருந்து ஜீப். அதற்கு மேல் நடை. அட்டைக்கு உப்புத் தடவிய காலுறை, முதுகில் கேமரா பை. ஏற ஏற எனக்கு மூச்சு இரைத்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு. இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் பையையும் வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஓடையை எட்டியபோது முற்பகல். அந்தக் கல்லை நான் உடனே கண்டுகொண்டேன். ஆனால் எல்லாம் திரையில் பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. தவளை ஒரு காய்ந்த இலைத் துண்டு போலத்தான் தெரிந்தது. கால்வீச்சு கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துபோனது. நிறுத்தவும் முடியாது, திரும்ப ஓட்டிப் பார்க்கவும் முடியாது. அவ்வளவுதானா என்றிருந்தது.

அதன் பிறகுதான் நான் வீடியோவில் முழுதாகப் பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு பெண் தவளை கல்லிலிருந்து இறங்கிப் போயிற்று, ஆணை முதுகில் சுமந்தபடி. ஆழமில்லாத தண்ணீரில், சரளையும் மணலுமாக இருந்த இடத்தில் நின்று பின்னங்கால்களால் தோண்டத் தொடங்கியது. இந்தக் காலால் கொஞ்சம், அந்தக் காலால் கொஞ்சம். ஓடும் தண்ணீர் மணலைத் திரும்பக் கொண்டுவந்து நிரப்பியது. அது மறுபடியும் தோண்டியது. முதுகில் இருந்த ஆண் எதுவும் செய்யவில்லை, பிடித்துக்கொண்டு இருந்தது. குழி ஆனதும் உள்ளே முட்டையிட்டு, அதே கால்களால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் பெண் விலகிப் போயிற்று. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தலைப்பிரட்டைகள் அந்த மணலுக்குள்ளேயே பிறந்து, மணலுக்குள்ளேயே வளரும் என்று ஆராய்ச்சிப் பெண் என் காதருகே சொன்னாள். அவள் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தவளையின் கால்கள் வலிக்குமா என்றுதான் தோன்றியது. படித்தவள் நினைக்கக்கூடியது அல்ல, ஆனாலும் தோன்றியது.

அவரிடம் காட்டலாம் என்று திரும்பினேன். பெரிய பாறை ஒன்றில் துண்டை விரித்து, ஓடை இரைச்சலுக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பவில்லை. நானும் அந்தப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தேன். இறங்கும்போது கேட்டேன், இவ்வளவு சத்தத்தில் எப்படித் தூக்கம் வந்தது என்று. "சத்தம் இல்லன்னாத்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

அடுத்த கோடையில் ஆய்வு முடிந்தது. செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே எங்கள் மலையில் இருக்கும் தவளைகளும், தெற்கே இருக்கும் தவளைகளும் ஒன்றுதானா வேறா என்பதுதான் அவளுடைய கேள்வி. மரபணுவைப் பார்த்ததில் இரண்டும் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்தவை, இடையில் இருந்த தாழ்ந்த, காய்ந்த நிலத்தைத் தாண்டி ஒன்றோடொன்று கலக்கவே இல்லை என்று தெரிந்தது. கால் வீசுவதில் இரண்டுக்கும் ஏதாவது வேறுபாடு உண்டா என்பதற்குத்தான் இரண்டு பக்கத்திலும் எடுத்த அத்தனை வீடியோவையும் நான் பார்த்தது.

"ஒரு வேறுபாடும் இல்லக்கா" என்று போனில் சொன்னாள்.

"ஒன்னுமே இல்லையா?"

"ஒன்னுமே இல்ல. அதுவும் ஒரு முடிவுதான்கா. வேறுபாடு இல்லைன்னு சொல்றதுக்கும் யாராவது உக்காந்து பாத்திருக்கணும்ல?"

அவள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான். நானே வகுப்பில் சொல்லியிருப்பேன். இருந்தாலும் போனை வைத்த பிறகு கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். திரை பார்த்து எரிந்த கண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, அது காயும்வரை கண்ணை மூடிக் கிடந்தேன்.

அவருக்குக் காது மெஷின் வாங்கினோம். வீட்டுக்குள் நன்றாகக் கேட்டது. முதல் நாள், குக்கர் விசிலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார். மின்விசிறி இத்தனை காலமும் கிறீச்சிட்டுக்கொண்டா இருந்தது என்று கேட்டார். நான் முணுமுணுப்பதெல்லாம்கூடக் கேட்டது, அதனால் சில நாள் புதிய சண்டைகள் வந்தன. தறிக்கூடத்தில் மட்டும் அதைப் போட முடியாது. போட்டால் மண்டைக்குள் தறி ஓடுகிறதென்றார். கீழே இறங்கும்போது கழற்றிச் சட்டைப்பையில் போடுவார், மேலே வரும்போது மாட்ட மறந்துவிடுவார். டாக்டர் சொன்னபடி தறிக்காரர்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தார். ஒருவர்தான் போடுகிறார். மற்றவர்கள் வியர்வையில் அரிக்கிறது என்கிறார்கள். எங்களிடம் சத்தம் குறைந்த தறிகள் வாங்கும் வசதி இல்லை, இருப்பதை விட்டால் வேறு தொழிலும் இல்லை.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். மகள் படிப்பை முடித்து கோயம்புத்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பரிணாமப் பாடம் வரும்போது ஓடைத் தவளையைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் எண்ணுவேன். அந்தப் பாடம் வருவதற்குள் பரீட்சை வந்துவிடும், வேகமாக நடத்தி முடித்துவிடுவேன். மலைப்பக்கம் அதன்பின் போனதில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்குத் தொண்டை கட்டியிருக்கும். அவர் கூடத்தை அடைத்துவிட்டு மேலே வருவார். மெஷின் காதில் இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. இட்லி இருக்கிறது, தொட்டுக்கொள்ளத் துவையல்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும், சொல்வதில்லை. இரண்டு தட்டையும் எடுத்து வைத்தால் போதும், அவர் உட்கார்ந்துவிடுவார். சாப்பிட்டு முடித்ததும் அவர் தட்டுகளைக் கழுவுவார், நான் பாயை விரிப்பேன்.